இட்டாலிக் ஓரளவு வருகிறது, தமிழ் வரவில்லை: பட்டை நிப்பில் எப்படி முன்னேறுவது?

தறிமேடு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத இரவுகளில், சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் கேலிகிராஃபி எழுதுகிறேன். பகல் முழுக்க மெயிலும் எக்ஸெல்லுமாகப் போகிற எனக்கு, கையால் எதையோ செய்தேன் என்ற நிறைவு அப்போதுதான் கிடைக்கிறது. அதனால் இதை நன்றாகவே செய்ய ஆசை.

என்னிடம் இருப்பது பைலட் பேரலல் பேனா, பச்சை மூடி, தட்டையான நிப்பின் அகலம் 3.8 மி.மீ. இருக்கும். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் எழுதுகிறேன். அளந்து பார்த்தேன், கோட்டுக்குக் கோடு 8 மி.மீ. இருக்கிறது. ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து இட்டாலிக் என்ற சாய்ந்த ஆங்கில எழுத்துப் பாணியைக் கற்றுக்கொண்டேன். ஏ முதல் இசட் வரை எழுதி அனுப்பினால் 'சூப்பர்' என்று பதில் வரும். எந்த எழுத்தில் என்ன குறை என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

இப்போதைய நிலை இதுதான். எழுத்துகள் தனித்தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. சொல்லாகச் சேர்த்தால் கட்டி கட்டியாக நிற்கின்றன. ஆங்கில 'ஈ', 'ஏ' இரண்டிலும் நடுவிலுள்ள ஓட்டை மையால் அடைபடுகிறது. தமிழ் எழுதினால் இன்னும் சிரமம். 'ப' எழுதும்போது வலப்பக்கம் மேலே ஏறும் கோடு பிசிறடிக்கிறது, 'ண' ஒரே கறுப்புத் திட்டாகிவிடுகிறது.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகைக் கவர்களில் பெயர்களை நானே எழுத வேண்டும். அப்பாவுக்கு 'கற்க கசடற' குறளை எழுதி ஃபிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் நெடுநாள் ஆசை. பேனாவை மாற்றவா? கூர்முனை நிப்பில் எழுதும் காப்பர்பிளேட் பக்கம் போய்விடவா? தினமும் என்ன எழுதிப் பழகினால் கை தேறும்?

பாரிமுனை எழுதியது:

காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் அந்தப் பேனாவின் மை ஊறிப் பரவும். எழுத்தின் ஓரம் கூர்மையாக விழாது. ஓட்டை அடைபடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 100 ஜிஎஸ்எம் பாண்ட் பேப்பர் கேட்டு வாங்குங்கள், வழவழப்பான பக்கத்தில் எழுதுங்கள். சென்னைப் பக்கம் வந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டைகளும் எல்லா வகைக் காகிதமும் ஒரே தெருவில் கிடைக்கும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே நாலு எழுத்து எழுதிப் பார்த்துவிடுங்கள்.

வரைபலகை எழுதியது:

தம்பி, நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பட்டை நிப்பைப் பிடித்துப் பல வருடம் ஆகிறது. நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. நிப் 3.8, கோட்டு இடைவெளி 8.

பட்டை நிப்பில் எழுத்தின் உயரத்தை நோட்டுக் கோடு தீர்மானிக்கக் கூடாது, நிப்பின் அகலம்தான் தீர்மானிக்க வேண்டும். நிப்பின் விளிம்பு செங்குத்தாக நிற்கும்படி பேனாவைத் திருப்பி, பக்கவாட்டில் கொஞ்சம் இழுங்கள். ஒரு சின்னக் கட்டம் விழும். அதன்மேல் இன்னொன்று, அதற்கும்மேல் இன்னொன்று என்று அடுக்குங்கள். இட்டாலிக் எழுத்தின் உடலுக்கு ஐந்து கட்டம் வேண்டும். 3.8 நிப்புக்கு அது 19 மி.மீ. உங்கள் நோட்டில் இரண்டு கட்டத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்குள் 'ஈ' எழுதினால் ஓட்டை எங்கே தங்கும்? உங்கள் கையில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை, இடம்தான் போதவில்லை. கோடில்லாத தாளில் நீங்களே பென்சிலால் கோடு போடுங்கள். மேலே ஏறும் கொம்புக்கும் கீழே இறங்கும் வாலுக்கும் தனியாக இடம் விடுங்கள்.

பேனாவை மாற்ற வேண்டாம். சின்ன நிப்பில் தவறு கண்ணுக்குத் தெரியாது. பெரிய நிப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும், கற்றுக்கொள்கிறவருக்கு அதுதான் நல்லது. என் மாணவர்களுக்கு நான் முதலில் பேனாவே கொடுப்பதில்லை. இரண்டு பென்சிலைச் சேர்த்து, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவேன். இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரு பட்டை நிப்பின் வேலையைச் செய்யும். கோடு எங்கே அகலமாகிறது, எங்கே ஒடுங்குகிறது, எந்த இடத்தில் மணிக்கட்டு தெரியாமல் திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் இரட்டைக் கோட்டில் பளிச்சென்று தெரியும். நீங்களும் ஒரு வாரம் அதில் எழுதுங்கள்.

அப்புறம் கோணம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியை எடுத்து, தாளின் ஓரத்தில் 45 டிகிரியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிப்பின் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா என்று எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சரிபார்க்க எளிய வழி, ஒரு கூட்டல் குறி போடுவது. 45 டிகிரியில் பிடித்திருந்தால் இரண்டு கோடும் ஒரே தடிமனில் விழும். உங்கள் நிப்புக்கு இரண்டும் சுமார் 2.7 மி.மீ. 30 டிகிரியில் பிடித்தால் படுக்கைக் கோடு நிப்பில் சரிபாதி, 1.9 ஆகும். நிற்கும் கோடு 3.3 ஆகும். இந்த வித்தியாசம் தமிழுக்கு வரும்போது ரொம்ப முக்கியம், கீழே சொல்கிறேன்.

அதற்குமுன் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்வர்ட் ஜான்ஸ்டன் என்பவர் எடின்பரோவில் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தவர். 1899-ல் அங்கே சென்ட்ரல் ஸ்கூல் என்ற கலைப் பள்ளியில் எழுத்துக்கலை வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பட்டைப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தரும் மரபே கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்த காலம் அது. அவர் அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய கையெழுத்துச் சுவடிகளைக் கண் வலிக்கப் பார்த்தார். நிப்பு எத்தனை அகலம், எழுத்து அதைப்போல் எத்தனை மடங்கு, கோணம் என்ன, எந்தக் கோடு முதலில் விழுந்திருக்கும் என்று அளந்து கண்டுபிடித்தார். 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ராம்சி சால்ட்டர் என்ற சுவடியிலிருந்து அவர் வார்த்தெடுத்ததுதான் இன்று ஃபவுண்டேஷனல் என்று சொல்லும் எழுத்து. நான்கு நிப் உயரம், 30 டிகிரி. லண்டன் சுரங்க ரயிலுக்கு 1916-ல் எழுத்துரு அமைத்தவரும் அவரே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முன்னேற்றம் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏ முதல் இசட் வரை பக்கம் பக்கமாக எழுதுவதில் கை வேகம் பெறும், கண் வளராது. ஒரே ஒரு நல்ல மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ராம்சி சால்ட்டரின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அச்செடுங்கள். மேலே டிரேஸிங் பேப்பர் வைத்து, எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் பென்சிலால் வரையுங்கள். ஆங்கில 'ஓ' எவ்வளவு அகலம், 'என்' வளைவு தண்டிலிருந்து எந்த உயரத்தில் பிரிகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கே எழுத்துகள் எழுதி, மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். உங்கள் வகுப்பில் யாரும் சொல்லாததை உங்கள் கண்ணே சொல்லும்.

சொல் கட்டி கட்டியாக நிற்பதற்குக் காரணம் எழுத்துகளுக்கு நடுவில் விழும் வெள்ளை. ஒரு எழுத்துக்கு உள்ளே எவ்வளவு வெள்ளை இருக்கிறதோ, ஏறத்தாழ அதே வெள்ளை இரண்டு எழுத்துகளுக்கு இடையிலும் இருக்க வேண்டும். அடிக்கோலால் இதை அளக்க முடியாது. நேர்கோடும் நேர்கோடும் பக்கத்தில் வந்தால் இடைவெளி அதிகம் வேண்டும், வளைவும் வளைவும் வந்தால் நெருங்கி நிற்க வேண்டும். 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிப் பழகுங்கள். முழுக்க முழுக்க நிற்கும் கோடுகள். எழுதியபின் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எங்கே இருட்டு கூடியிருக்கிறது என்று உடனே தெரியும்.

இனி தமிழ். பனையோலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த கை நம்முடையது. எழுத்தாணிக்கு அகலம் கிடையாது. மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் ஒரே கீறல்தான். அதனால் ஒரு எழுத்தைக் கையெடுக்காமல் சுற்றிச் சுற்றி எழுதும் வழக்கம் நமக்கு இயல்பாக இருக்கிறது. பட்டை நிப்பு அப்படி இல்லை. இழுத்தால் வரும், தள்ளினால் காகிதத்தைக் கொத்தும். உங்கள் 'ப' பிசிறடிப்பது அங்கேதான். இடத்தண்டைக் கீழே இழுத்து அப்படியே வலப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். பேனாவை எடுத்து, வலத்தண்டை மேலிருந்து கீழே இழுத்து அடிக்கோட்டில் சேருங்கள். 'ம' என்றால் மூன்று துண்டு. முதல் துண்டு 'ப'வைப் போலவே. இரண்டாவது, உச்சியில் தொடங்கி வலப்பக்கம் வளைந்து கீழே இறங்கும். மூன்றாவது, அதே உச்சியில் தொடங்கி உள்ளே இறங்கும் சின்ன வளைவு.

'ண'வின் சுழிகளை ஒரே சுற்றாகச் சுற்றாமல், ஒவ்வொன்றையும் இடது அரைவட்டம், வலது அரைவட்டம் என்று பிரித்து எழுதுங்கள். ஃபவுண்டேஷனல் 'ஓ' அப்படித்தான் இரண்டு அரையாக எழுதப்படுகிறது. தமிழ் எழுத ஆசைப்படுகிறவர்கள் இட்டாலிக்கைவிட ஃபவுண்டேஷனலை முதலில் பழகினால் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். உயரமும் அதிகம் வேண்டும். ஐந்து நிப்பில் 'ண', 'ஞ', 'இ' மூச்சுத் திணறும். ஆறு அல்லது ஏழு நிப் கொடுங்கள். கோணம் 30 டிகிரி, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. 'ட', 'ப', 'ம', 'ய' எல்லாவற்றிலும் நீளமான அடிக்கோடு இருக்கிறதல்லவா? 45-ல் பிடித்தால் அடிக்கோடும் தண்டும் ஒரே தடிமனாகி எழுத்து களையிழந்து நிற்கும். 30-ல் அடிக்கோடு மெலிந்து தண்டு நிமிரும்.

பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சுற்றிலும் இருக்கின்றன. 1010-ம் ஆண்டையொட்டி வெட்டியவை. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் வரி முழுக்க ஒரே சீராக ஓடும். வெயில் சாய்கிற நேரத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும்போது, நான் மாணவர்களை அழைத்துப்போய், படிக்க வேண்டாம், வெள்ளையை மட்டும் பாருங்கள் என்பேன். இந்தப் பக்கம் வந்தால் அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள் தம்பி.

மைக்கூடு எழுதியது:

காப்பர்பிளேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதைத்தான் எழுதுகிறேன். அது வேறு வித்தை. கூர்முனை நிப்பு, நிக்கோ ஜி மாதிரி. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது அழுத்தம் இல்லாமல் மயிரிழையாக வரும். சாய்வு 55 டிகிரி. புது நிப்பின்மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதைக் கழுவித் துடைக்காமல் எழுதினால் மை நிற்காது. அழகான எழுத்துதான், ஆனால் பட்டை நிப்பில் நீங்கள் கற்ற கோணமும் கட்ட அளவும் இங்கே உதவாது. கல்யாணத்துக்கு முன் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

திருவல்லிக்கேணி எழுதியது:

டீச்சர் சொன்ன கட்டக் கணக்கைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எங்கள் பேட்டையிலிருந்து வரும் 'தி முசல்மான்' உருது நாளிதழ் 1927-ல் தொடங்கியது, பக்கங்களைக் கையாலேயே எழுதி அச்சுக்கு அனுப்பிப் பெயர் பெற்றது. எழுதுகிறவர்களை காத்திப் என்போம். அரபு, பாரசீக எழுத்துக்கலையிலும் அளவு பேனாவிலிருந்துதான் பிறக்கிறது. கலம் என்ற நாணல் பேனாவின் முனையை வைத்து எடுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும், அதற்கு நுக்தா என்று பெயர். அலிஃப் என்ற முதல் எழுத்து இத்தனை நுக்தா உயரம், வளைவு இத்தனை நுக்தா ஆழம் என்று ஒவ்வொரு பாணிக்கும் கணக்கு உண்டு. 10-ம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா இந்த அளவு முறையை வகுத்தவர் என்பார்கள். தமிழுக்கு இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்னும் எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம். டீச்சர் போன்றவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் நிப் அளவு போட்டு ஒரு அட்டவணை தயாரித்தால் பின்னால் வருகிறவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

தறிமேடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கட்டம் அடுக்கி 19 மி.மீ. கோடு போட்டதும் 'ஈ' திறந்துகொண்டது. இரட்டைப் பென்சிலில் எழுதியபோது, 'என்' வளைவில் என் மணிக்கட்டு உள்பக்கம் திரும்புவதைக் கண்ணாரப் பார்த்தேன். 'ப' இப்போது இரண்டு துண்டில் சுத்தமாக வருகிறது. 'ண' இன்னும் சண்டை போடுகிறது, ஆனால் சுழிகள் தெரிகின்றன.

டீச்சர், இன்னும் இரண்டு கேள்விகள். குறளில் முதல் வரி நீளம், இரண்டாவது வரி குட்டை. தாளில் எப்படி வைப்பது? அப்புறம், கவர்களில் பழைய 'லை', 'ணா' வடிவங்களை எழுதலாமா? அம்மாச்சியின் பழைய கடிதங்களில் பார்த்தேன், அவ்வளவு அழகாக இருக்கின்றன.

வரைபலகை எழுதியது:

திருவல்லிக்கேணி நண்பருக்கு முதலில். அட்டவணை யோசனை நெஞ்சில் தைத்துவிட்டது. கோடை விடுமுறையில் உயிரெழுத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் கூட இருந்து திருத்த வேண்டும்.

தம்பி, கவர்களில் பழைய வடிவம் வேண்டாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள் பலருக்கு அந்தத் துதிக்கை போட்ட 'லை'யும் சுழித்துக்கொண்டு போகும் 'ணா'வும் சட்டென்று படிக்க வராது. பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர வேண்டும், யாருக்கு எழுதியது என்று யோசிக்கக் கூடாது. கல்யாணம் முடிந்தபின் தனியாக எழுதிப் பாருங்கள். 'அண்ணாமலை' என்று எழுதினால் இரண்டு பழைய வடிவமும் ஒரே சொல்லில் வந்துவிடும். அப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் பிடித்து எழுதுவது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

கவருக்குச் சிவப்பு மூடி, 1.5 மி.மீ. போதும். ஆறு நிப் என்றால் 9 மி.மீ. உயரம். கவருக்குள் கறுப்பு மையால் கோடு போட்ட அட்டையைச் செருகி, வெளியே தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பென்சில் கோடே வேண்டாம்.

குறளுக்கும் அதே 1.5. முதல் வரியில் பதினேழு எழுத்துகள். 2.4-ல் எழுதினால் ஏ3 தாளின் 420 மி.மீ. அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் வெள்ளை இல்லாத குறள் எனக்குப் பிடிப்பதில்லை. 1.5-ல் எழுதினால் முதல் வரி தாளில் பாதியைச் சற்றுத் தாண்டும், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். இரண்டாவது வரியை நீட்டி முதல் வரிக்குச் சமமாக்கப் பார்க்காதீர்கள். நான்கு சீர், மூன்று சீர், அதுதான் குறளின் உடம்பு. இரண்டு வரியையும் இடப்பக்கம் ஒரே நேராகத் தொடங்கிவிட்டு, 'நிற்க அதற்குத் தக' முடிந்த இடத்தில் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

நேரடியாக நல்ல தாளில் எழுத வேண்டாம். சாதாரணத் தாளில் ஏழு சீர்களையும் எழுதி, தனித்தனியாக வெட்டி, ஏ3 தாளின்மேல் நகர்த்திப் பாருங்கள். இடம் சரியாக அமைந்ததும் ஒட்டுங்கள். அதை அளந்துதான் நல்ல தாளில் கோடு போட வேண்டும். மேலே விடுவதைவிடக் கீழே கொஞ்சம் அதிகம் விடுங்கள். இந்தக் குறள் கையைச் சோதிக்கும். புள்ளி வைத்ததையும் சேர்த்தால் 'க' எட்டு இடத்தில் வருகிறது, 'ற' ஏழு இடத்தில் வருகிறது. எட்டும் ஒரே அகலம், ஏழும் ஒரே வளைவு என்று வர வேண்டும். முதலில் 'க', 'ற' இரண்டை மட்டும் ஒரு மாலை முழுக்க எழுதுங்கள்.

மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனாவோடு வரும் கார்ட்ரிட்ஜ் சாய மை, வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளாவட்டத்தில் வெளுக்கும். அப்பாவுக்குக் கொடுப்பதைத் தொட்டெழுதும் பட்டை நிப்பில், கருநிறக் குவாஷ் என்ற அடர் நீர்வண்ணத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து எழுதுங்கள். வண்ணத்தைத் தூரிகையால் நிப்பின் முதுகில் ஊட்டுங்கள். இந்தியன் இங்க் வாங்கி பேரலல் பேனாவுக்குள் ஊற்றிவிட வேண்டாம், அதிலுள்ள அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும். எழுதும்போது பரீட்சை அட்டையை மேஜை விளிம்பில் சாய்த்து மடியில் வைத்துக்கொண்டால் கழுத்தும் வலிக்காது, நிப்பிலிருந்து மை மொத்தமாக இறங்கவும் செய்யாது.

வெட்டி ஒட்டிய வரைவு தயாரானதும் மேலிருந்து நேராக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். 'ற்' வரிசையையும் 'கசடறக்' இடைவெளியையும் பார்த்துச் சொல்கிறேன்.